பாதிக்குப் பாதி

வால்பரைசோவில் ஜூலை மழை
குன்றிலிருந்து படிக்கட்டு வழியாகத்தான் இறங்கும்.
அன்று நானும் அதோடு இறங்கினேன்,
கருவிப்பெட்டியைக் காலிசெய்து, துண்டு விரித்து,
உள்ளே துவெர்காவை வைத்துக்கொண்டு.

துவெர்கா என்றால் எங்கள் மொழியில் மரை.
டிராலிபஸ் பணிமனையில்
உருண்டோடிய ஒரு மரையைத் தேடிக் குனிந்தபோது
இவள் கிடைத்தாள். மரை கிடைக்கவே இல்லை.

இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்தின்மேல்
தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
குடிக்கவில்லை. விலகவும் இல்லை.
தாகத்துக்கும் தொண்டைக்கும் நடுவில்
ஒரு கம்பி அறுந்துபோனதாக நினைத்தேன்.
என் தொழில் அப்படி.

டாக்டர் ஒயார்சூன் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.
"வெள்ளையணு நானூறு."
"எவ்வளவு இருக்க வேண்டும்?"
"ஐயாயிரத்துக்கு மேல்."
பூனைக்கு வரும் டிஸ்டெம்பர், இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை,
அது ஓயும்வரை இவளை ஓயவிடாமல் பார்த்துக்கொள்ளலாம்,
சலைன், வாந்தி நிற்க ஓர் ஊசி,
வேறு கிருமி நுழையாமலிருக்க இன்னோர் ஊசி, சூடு.
"பிழைப்பாளா?"
"பார்த்துக்கொண்டால் பாதிக்குப் பாதி.
ஐந்து நாள் தாண்டிவிட்டால் கணக்கு மாறும்."

பாதி பிடிக்கும் பிரேக்கோடு
ஒரு வண்டியையும் நான் வெளியே விட்டதில்லை.
கையெழுத்துப் போட்டேன்.

தொற்று அறையில் இரண்டே கூண்டுகள்.
அடுத்த கூண்டில் அல்மிரான்தே,
மீன்சந்தை ஒர்த்தென்சியா கிலோத்ரானின் சாம்பல் குட்டி.
அதே சலைன், அதே ஊசிகள், அதே மணிக்கணக்கு.
நாங்கள் இருவரும் பிளீச்சில் செருப்பு நனைத்து
உள்ளே போவோம், பிளீச்சில் நனைத்து வெளியே வருவோம்.
அவளிடம் மீன் வாடை போய்விட்டது,
என்னிடம் கிரீஸ் வாடை போய்விட்டது.
இரண்டு பேரும் நீச்சல் குளம் மாதிரி மணத்தோம்.

மூன்றாம் இரவு துவெர்காவின் உடம்பு
முப்பத்தாறு டிகிரிக்கு இறங்கியது.
சலைன் பையைச் சட்டைக்குள் போட்டுச் சூடாக்கினேன்.
ஒர்த்தென்சியா தன் பையைக்
கம்பளிக்குள் போட்டுக்கொண்டாள்.
வயிறு புடைத்த இரண்டு கர்ப்பிணிகள்,
ஒருவனுக்கு மீசை.
சிரித்தோம். அது நான்காம் நாளுக்கு முந்தைய சிரிப்பு.

விடியற்காலையில் போனபோது
அடுத்த கூண்டு கழுவியிருந்தது.
கதவு திறந்து, ஈரம் காயாமல்.

ஐந்தாம் நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
டாக்டர் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை,
தாளைத் திருப்பிக் காட்டினார்.
சூரை மீன் தண்ணீரில் தோய்த்த என் விரலை
துவெர்கா முகர்ந்தாள், யோசித்தாள்,
அரம் போன்ற நாக்கால்
ஒரே ஒரு முறை இழுத்தாள்.

"பாதிக்குப் பாதி என்றால்
இரண்டில் ஒன்று என்று அர்த்தமில்லை,"
என்றார் டாக்டர், நான் கேட்காமலே.
"அவரவருக்கு அவரவர் பாதி.
இரண்டும் பிழைத்திருக்கலாம்.
இரண்டும் போயிருக்கலாம்.
நீங்கள் யாருடையதையும் எடுத்துக்கொள்ளவில்லை."
புரிந்தது.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
பின்வாசல் வழியாகத்தான் போனேன்.

மூன்று வியாழன் மீன்சந்தைப் பக்கம் போகவில்லை.
நான்காவது வியாழன் அவளே கூப்பிட்டாள்,
சந்தை முழுக்கக் கேட்கும் குரலில்.
அந்தக் கிருமி வீட்டுத் தரையில் ஒரு வருஷம் கிடக்குமாம்,
அதுவரை புதுக்குட்டி கூடாதாம்,
காலண்டரில் அடுத்த ஜூலை இல்லையே,
எங்கே குறித்துவைப்பது என்றாள்.
ஒரு மீன்தலையைச் செய்தித்தாளில் சுற்றினாள்.
காசு நீட்டினேன். திட்டினாள்.

பிறகு கேட்டாள்: "எடை?"
"மூன்று கிலோ இருநூறு."

தராசின் காலித் தட்டில்
ஈரக்கையை வைத்து மெல்ல அழுத்தினாள்,
முள் மூன்றைத் தாண்டி இரண்டு கோடு போகும்வரை.
அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்
ஒரு முறை இருமினார்.